பதினேழு துளைகள்

அத்தியாயம் 9

மூன்று மணிக்கு சோல்வையை நீதிபதி முன் நிறுத்துவார்கள். அவர் காவலில் வைக்கச் சொல்லிவிட்டால், நான்கு மணிக்கு நகராட்சிக் குழந்தை நலப் பிரிவுப் பெண்மணி ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, அவளுடைய ஏழு வயது மகள் டிட்டேயின் கையைப் பிடித்து முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போவாள். அப்பா செத்ததையும் அம்மா கைதானதையும் அந்தக் குழந்தைக்கு யார் சொல்வது என்று நகராட்சி ஆபீசில் இன்னும் முடிவாகவில்லை.

இப்போது மணி ஒன்று ஐந்து.

இன்ஸ்பெக்டர் தோரா உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வார்ப்புக் கூடத்தின் நடுவே நின்ற இரும்பு அச்சை அண்ணாந்து பார்த்தாள். பாலத் தூணுக்கான அச்சு. இரண்டு ஆள் உயரம். இன்று காலை ஏழு மணிக்கு அதன்மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை விலக்கியவர்கள் உள்ளே மேஸ்திரி பல்லேயைப் பார்த்தார்கள். நெஞ்சு வரை கான்கிரீட். அதற்கு மேலே பல்லே.

"டாக்டர் வாயைத் திறந்தாரா?"

"திறந்தாரு பாஸ். கேட்டதுக்கப்புறம் நான்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கல." உதவியாளன் யெப்பே நோட்டைப் புரட்டினான். "அடி இல்ல, விஷம் இல்ல. நேத்து வியாழக்கிழமை காலைல மேடையிலேர்ந்து யாரோ தள்ளி விட்டிருக்காங்க. அப்போ உள்ளே கான்கிரீட் இடுப்பு வரைக்கும்தான் இருந்திருக்கு. அப்புறம் குழாயைத் திறந்து நெஞ்சு வரைக்கும் ஏத்திட்டு மூடியிருக்காங்க. எட்டே முக்கால்னு மெஷின்லயே பதிவாயிருக்கு. ஆள் செத்தது மத்தியானம் ஒரு மணி வாக்குல."

"நாலு மணி நேரம்."

"நாலே கால். மூச்சை வெளியே விட்டா திரும்ப இழுக்க நெஞ்சு விரியணுமில்ல? ஒவ்வொரு மூச்சுக்கும் அது கொஞ்சம் இடத்தைப் பிடிச்சுக்குமாம். என் தங்கச்சி என் வீட்டுக்குத் தங்க வந்த மாதிரி. முதல்ல சோபா, அப்புறம் கட்டில்."

"கத்தியிருப்பானே?"

"பக்கத்துல கான்கிரீட்டைக் குலுக்கற அதிர்வு மேசை நாள் பூரா ஓடிச்சு. நாம இப்ப கத்திக்கிட்டுத்தானே பேசறோம்."

உண்மைதான். தோராவின் தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது.

சோல்வை பல்லேயின் மனைவி. ஆலை கேன்டீனில் சமையல். வியாழன் காலை எட்டே காலுக்கு அவர்களுக்குள் சண்டை. அவள் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த தடம் இன்னும் நீலமாக இருந்தது. "நீ நின்ன இடத்துலயே கல்லாப் போ" என்று அவள் கத்தியதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதே காலுக்கு அவள் வார்ப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்ததை கிரேன் ஓட்டுபவன் பார்த்திருக்கிறான். காபிக்குக் கூப்பிடப் போனேன், ஆள் இல்லை, கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறார், காபிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன் என்றாள். எட்டே முக்காலுக்கு எங்கே இருந்தாய் என்றதற்கு, சமையலறையில் தனியாக என்றாள். உள்ளூர் போலீசுக்கு அது போதுமாக இருந்தது.

தோராவுக்குப் போதவில்லை.

"உருளைக்கிழங்கு வேக வைக்கிறவளுக்கு அந்தக் குழாயைத் திறக்கத் தெரியுமா யெப்பே? நெஞ்சு வரைக்கும் வந்ததும் நிறுத்தத் தெரியுமா? கழுத்தை மூடியிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வேணும்னே முடிக்கல. கான்கிரீட் மீதியைப் பாத்துக்கும்னு ஊத்தினவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"குழாயைத் தொடத் தெரிஞ்சவங்க மொத்தம் ஒன்பது பேர் பாஸ். எட்டு பேர் அந்த நேரத்துல வெளியே லாரியிலேர்ந்து கம்பி இறக்கிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு."

"ஒன்பதாவது ஆள்?"

"தோர்கில். சோதனைக்கூடம். அந்த நேரத்துல அவர் இடத்தை விட்டு நகரவே இல்லேங்கறதுக்கு பதினேழு சாட்சி இருக்கு. பதினேழும் ஓட்டை."

*

கதவை மூடியதும் கூடத்தின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. சோதனைக்கூடத்தில் எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தது, தோர்கில் உட்பட. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, மெல்லிய குரல், வலது மணிக்கட்டில் ஒரு கட்டு.

"கேக் செஞ்சேன். அடுப்புல சுட்டுக்கிட்டேன்" என்றான், தோரா பார்ப்பதைப் பார்த்து. "நேத்து எனக்குப் பிறந்தநாள். ஒன்பதரை மணிக் காபிக்குப் பிறந்தநாள்காரன்தானே கேக் கொண்டு வரணும்."

சுவரில் அதற்குள் படம் ஒட்டியாகிவிட்டது. கேன்டீன் மேசை, வரிசையாகக் காகிதக் கொடிகள், காபிக் குவளைகள், வெட்டிய கேக், சுற்றிலும் பல்லைக் காட்டும் பத்துப் பேர். யெப்பே மூக்கு படும் தூரத்தில் போய் நின்று பார்த்தான்.

"இந்த ஒரு துண்டு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? காகிதத்து மேல உக்காந்திருக்கு."

"அது பல்லேயோடது. வந்தா சாப்பிடட்டும்னு எடுத்து வச்சேன்." தோர்கில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "பாவம்."

தோரா சாட்சியைக் கேட்டாள். தோர்கில் அலமாரியைத் திறந்தான். சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகல வட்டமான சிமெண்ட் வில்லைகள் தேதிச் சீட்டுடன் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும், விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஊசி குத்திய துளைகள்.

"ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அன்னைக்கு வர்ற சிமெண்ட்டைத் தண்ணியில குழைச்சு இந்த வளையத்துல நிரப்புவேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியை இறக்குவேன். என்னைக்கு எவ்வளவு நேரத்துல ஊசி அடியிலேர்ந்து ஆறு மில்லிமீட்டர் மேலேயே நிக்குதோ, அதான் இறுக ஆரம்பிச்ச நேரம். நேத்து பத்து அம்பது. முதல் ஊசி எட்டு பத்து. எண்ணிக்குங்க, பதினேழு."

"அதுவரைக்கும் என்னதான் நடக்குது உள்ளே?"

தோர்கிலின் முகம் மலர்ந்தது. இதை யாரும் இவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோரா நினைத்துக்கொண்டாள்.

"தண்ணி பட்டதும் முதல் சில நிமிஷம் ஒரு கோவம். சூடு கிளம்பும். அந்தக் கோவத்துலயே கல்லாயிடக் கூடாதுன்னுதான் ஜிப்சம் கொஞ்சம் சேர்த்து அரைக்கிறோம். அது சமாதானப்படுத்தி வைக்கும். அப்புறம் ரெண்டு, ரெண்டரை மணி நேரம் தூங்கும். வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே நடக்காது. ஆனா துகள் மெல்லக் கரைஞ்சு தண்ணியில சுண்ணாம்புச் சத்து ஏறிக்கிட்டே இருக்கும். இனி தாங்காதுங்கற அளவு வந்ததும் முழிச்சுக்கும். ஒவ்வொரு துகள்லேர்ந்தும் முள்ளு முள்ளா முளைச்சு பக்கத்துத் துகளோட கோத்துக்கும். திரும்பவும் சூடு. அதுக்கப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

"கோவம், சமாதானம், தூக்கம், அப்புறம் பிரிக்க முடியாத சிக்கல்" என்றான் யெப்பே. "எங்க அம்மா அப்பாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தோர்கில் சிரித்தான். தோரா சிரிக்கவில்லை.

"அது தூங்கறப்ப ஒருத்தன் உள்ளே விழுந்தா?"

"தனியா ஏற முடியாது. பிடிச்சு இழுக்கும்." அவன் வானிலை சொல்வது போலச் சொன்னான். "ரெண்டு பேர் மண்வெட்டியோட வந்தா தூக்கிடலாம். நேத்துக் கணக்குக்கு, பத்தரைக்குள்ள."

"எனக்கு ஒண்ணு குழைச்சுக் காட்டுங்க."

ஒன்று இருபதுக்கு வளையம் நிரம்பியது. யெப்பே முதல் ஊசியை இறக்கினான். ஊசி வெண்ணெயில் போவது போல அடி வரை போனது. தோர்கில் பேரேட்டில் நேற்றைய பக்கத்தைத் திறந்து, ஒருநாளும் தவறாத தன் எழுத்தைக் காட்டினான். அடிவரை, அடிவரை, அடிவரை. கடைசி மூன்று வரிகளில்தான் எண்கள் வந்தன.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தோரா மிட்டாயைக் கடித்தாள். பதினான்கு வரிகள் ஒன்று போல. தூக்கத்தில் எந்த நேரத்தில் குத்தினாலும் ஊசி அடிவரை போகும். அப்படியானால் ஆழத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. அடுத்தடுத்து ஒரே மூச்சில் குத்திவிட்டு, அடிவரை என்று வேண்டிய முறை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

அரை மணி போனது. சோல்வைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்.

"என் ஓட்டையைக் காணோம்" என்றான் யெப்பே.

"என்னது?"

"நான் முதல்ல குத்தினேனே பாஸ், அது. மூடிக்கிச்சு. தொப்புள் மாதிரி ஒரு குழிதான் இருக்கு. என் உழைப்புக்கு இந்த ஊர்ல என்னைக்குமே அடையாளம் இருந்ததில்ல."

தோரா குனிந்தாள். ஈரக் குழம்பு மெல்லச் சரிந்து முதல் துளையின் வாயை அடைத்திருந்தது. இரண்டாவது பாதி மூடியிருந்தது. அவள் நிமிர்ந்து நேராக அலமாரிக்குப் போனாள். திங்கள், செவ்வாய், புதன் வில்லைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் முதல் ஏழு துளைகள் தொப்புள்கள். அதற்குப் பிறகு வந்தவை குழம்பு கொஞ்சம் தடித்த பிறகு குத்தியவை. கிணறு போலத் திறந்து நின்றன.

வியாழக்கிழமை வில்லையைப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரே ஒரு தொப்புள். பதினாறு கிணறு.

தோர்கில் கோட்டுப் பொத்தானைப் போட்டான். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

"எட்டு பத்துக்கு ஒண்ணு குத்தினீங்க" என்றாள் தோரா. "அடுத்தது குழம்பு தடிச்சப்புறம், ஒன்பது இருபதுக்கு. அதுவும் ஏழு ஒரே தடவையா. உங்க கேக் இல்லேன்னா இன்னும் கொஞ்சம் நிதானமா செஞ்சிருப்பீங்க. ஒன்பதரைக்குப் பிறந்தநாள்காரன் மேசையில இல்லேன்னா இந்த நாட்டுல மன்னிக்க மாட்டாங்க, இல்லையா?"

"சிமெண்ட் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது, இன்ஸ்பெக்டர். நேத்து கொஞ்சம் கெட்டியா குழைச்சிருப்பேன்."

"அது சரி" என்றான் யெப்பே, இன்னும் படத்தைப் பார்த்தபடி. "ஆனா கேக்கை எந்த அடுப்புல செஞ்சீங்க? ஓரத்துல அட்டைப்பெட்டி தெரியுதே. கடைவீதி பேக்கரி முத்திரையோட. அந்தக் கடைல நானும் வாங்கியிருக்கேன். அட்டைதான் கொஞ்சம் ருசியா இருக்கும்."

தோரா எட்டி தோர்கிலின் கட்டைப் பிரித்தாள். அவன் தடுக்கவில்லை. உள்ளே அடுப்புச் சூடு போலக் கோடாக இல்லை. சட்டைக் கைமடிப்பு படும் இடத்தில் வளையமாக, தோல் கரைந்து சிவந்திருந்தது.

"ஈரக் கான்கிரீட் கைமடிப்புல போயிருக்கு. அது படும்போது வலிக்காது. தோல் போனப்புறம்தான் தெரியும். அதோட உக்காந்து கேக் வெட்டியிருக்கீங்க."

"சாயங்காலம்தான் எரிய ஆரம்பிச்சுது" என்றான் தோர்கில். கையை ஒரு சோதனை வில்லையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டான். "மூணு வருஷமா சோல்வை கையில நீலத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தினமும் காபி ஊத்துவா. சட்டைக் கை மேலே போகும். நீலம் தெரியும். என்னோட வந்துடுன்னு ஒரு தடவை கேட்டேன். சிரிச்சுட்டு, சர்க்கரை போடட்டுமான்னு கேட்டா."

"அதனால அவன் நெஞ்சு வரைக்கும் ஊத்துனீங்க."

"அவனுக்கு யோசிக்க நேரம் குடுத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியை இறக்கினப்ப, இன்னும் முழிக்கல, இன்னும் முழிக்கலன்னு எனக்குத் தெரியும். பத்து அம்பதுக்கு ஊசி நின்னுது. கையைக் கழுவிக்கிட்டேன்."

யெப்பே விலங்கை மாட்டினான். தோரா அரசு வக்கீலுக்குப் போன் போட்டாள். மணி இரண்டு இருபது. பிறகு நகராட்சிக்கு: பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம், அம்மாவே வருவாள்.

போனை வைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் கொடுமையாகப் பேச வேண்டும் போல இருந்தது. பேசினாள். "அவ மூணு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவா. உங்களுக்காக ஒரு லெட்டர் கூட எழுத மாட்டா. ராத்திரி பூரா அவளை நினைச்சுக்கிட்டு இருங்க."

தோர்கில் முதல் முறையாக நேராகப் பார்த்தான். பார்வையில் ஒருவிதக் கனிவு.

"எனக்குப் பிறந்தநாள் பரிசு நேத்தே கிடைச்சாச்சு இன்ஸ்பெக்டர். யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன். அவ வீட்டுக்குத்தான் போறாங்கறீங்க, அப்போ சொல்றேன். எண்ணறதுன்னு உக்காந்துட்டீங்க. ஓட்டையை மட்டும் எண்ணிட்டு எழுந்துடாதீங்க."

சுவரிலிருந்த படத்தைத் தோரா பிய்த்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

மூன்றே காலுக்கு சோல்வை பின் சீட்டில் ஏறினாள். காலையில் கைதானபோது போட்டிருந்த சமையல் ஏப்ரன் மேலேயே கோட்டு. தோரா பக்கத்தில் உட்கார்ந்தாள். யெப்பே வண்டியை எடுத்தான். நிலத்துக்குள் கடல் நுழைந்திருந்த ஃபியோர்டின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"டிட்டேக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயே சொல்லலாம்."

சோல்வை தலையாட்டினாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள், பாதையைப் பார்த்தபடி. தோரா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். இந்த அழுகை முடியும் வரை கூடப் பொறுத்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

படத்தை எடுத்து மடியில் விரித்தாள். விருந்துக்கு மேசை போட்டது போல நேர்த்தி. குவளைகளின் காதுகள் எல்லாம் ஒரே பக்கம். தோர்கில் வெட்டிய துண்டுகள் பதினொன்று. பல்லேக்கும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தான். கொலைகாரன் அந்தக் கணக்கில் தவறவில்லை.

தட்டுகள் பத்து.

"மேசை எப்பவும் நீதானே போடுவே?"

"ஆமா."

"எத்தனை தட்டு?"

வண்டியின் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது.

"பதினொண்ணு" என்றாள் சோல்வை. "நேத்தும் பதினொண்ணுதான் வச்சேன். அப்புறம் அவரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்து ஒண்ணை எடுத்துட்டேன்."

யெப்பேயின் கண்கள் கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்து விலகின.

"விரிப்பைத் தூக்கினியா?"

"மேடையில ஏறினேன். விரிப்பு அசைஞ்சுது. தூக்கினேன்." கைக்குட்டையை நான்காக மடித்தாள். "முதல்ல அவர் கெஞ்சல. 'என்னடி, காபி ஆறிடும்னு சொல்ல வந்தியா'ன்னு கேட்டாரு. சிரிப்பு கூட வந்துது அவருக்கு. ஆளைக் கூப்பிடு, முட்டாள் மாதிரி நிக்காதேன்னாரு. நான் நின்னேன். அப்புறம்தான் கெஞ்சினாரு. டிட்டே பேரைச் சொன்னாரு."

"நீ என்ன பண்ணினே?"

"விரிப்பை நாலு மூலையும் ஒழுங்கா இழுத்து விட்டேன்."

"மணி ஒன்பதே கால்."

"ஆமா."

"பத்தரை வரைக்கும் தூக்கியிருக்கலாம். உனக்கு அது தெரியுமா?"

"பன்னிரண்டு வருஷம் சிமெண்ட்காரனோட குடும்பம் நடத்தினேன்" என்றாள் சோல்வை. "தெரியாம இருக்குமா?"

சாலை ஒரு ரவுண்டானாவுக்கு வந்தது. யெப்பே வேகத்தைக் குறைத்தான். இடது பக்கம் பள்ளிக்கூடம், வலது பக்கம் ஸ்டேஷன். அவன் ஒரு சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்றும் தொடங்கினான்.

"எந்தப் பக்கம் பாஸ்?"

தோரா சோல்வையின் மணிக்கட்டைப் பார்த்தாள். நீலம் ஓரங்களில் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் அது இருந்த இடம் தெரியாது.

"இடது பக்கம்."

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மழைக்கோட்டுடன் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டில் ஒருத்தி அம்மாவைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். சோல்வை கதவைத் திறந்து இறங்கிப் போனாள். மண்டியிட்டு மகளின் கோட்டு ஜிப்பை மேலே இழுத்துவிட்டாள், கழுத்து வரை.

தோரா போனை எடுத்து மீண்டும் நகராட்சி எண்ணைப் போட்டாள்.

"மறுபடியும் நான்தான். இல்ல, வாங்க. வரணும்." ஜன்னல் வழியே சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "நாலு மணிக்கு வேண்டாம். நாலரைக்கு வாங்க."